ஜோடி சேர்க்காமல் படியுங்கள்

(சென்னையை அடுத்த நூம்பலில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஆங்கிலத்தில் அடிக்கடி குழப்பும் சொற்கள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் ஒரு பட்டியலை எதிர்பார்த்து, சிலர் நோட்டும் பேனாவுமாக வந்திருக்கிறீர்கள். ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ மாதிரியான புத்தகங்களில் கடைசிப் பக்கங்களில் அந்தப் பட்டியல் இருக்கும். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் அதே முகச்சாயலில் இன்னொரு சொல், நடுவில் ஒரு கோடு. அந்தப் பட்டியலை நான் வாசிக்கப் போவதில்லை. நம் குழப்பத்தில் பாதியை உண்டாக்குவதே அந்தப் பட்டியல்தான் என்பது என் கட்சி.

எதிர் வீட்டுக்கு இரட்டைப் பிள்ளைகள் குடிவருகிறார்கள். முதல் நாளே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவன் ராமன், இவன் லட்சுமணன் என்று அறிமுகப்படுத்தினால், மறுநாள் ஒருவன் தனியாக எதிரில் வரும்போது நமக்குப் பெயர் வராது. இரண்டு பெயரும் தெரியும், எது யார் என்பது மட்டும் தெரியாது. ராமனோடு ஒரு மாதம் பேசிப் பழகிய பிறகு லட்சுமணன் ஊரிலிருந்து வந்தால், பார்த்த உடனே ‘இவன் ராமன் இல்லை’ என்று தெரிந்துவிடும். என்னிடம் மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களிடம் நான் காண்பது முதல் வகைக் குழப்பம். ‘அஃபெக்ட், எஃபெக்ட் என்று இரண்டு இருக்கிறது சார், ஒன்று பெயர்ச்சொல், ஒன்று வினைச்சொல்’ என்று தெளிவாகச் சொல்வார்கள். எது எந்தச் சொல் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1993இல் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர், ஒரே இனத்துச் சொற்களைக் கூட்டமாகச் சேர்த்துக் கற்பதையும், தொடர்பில்லாத சொற்களைக் கலந்து கற்பதையும் ஒப்பிட்டுச் சோதித்தார். சேர்த்துக் கற்பதுதான் கடினமாக இருந்தது. 1997இல் ராப் வாரிங், ஜப்பானியர்களை வைத்து அதே சோதனையைச் செய்தார். முடிவு மாறவில்லை. சொல் கற்பித்தல் பற்றி நிறைய எழுதியிருக்கும் நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும், எதிர்ச்சொற்களையும் ஒத்த சொற்களையும் முதல் பாடத்திலேயே ஜோடியாகக் கொடுக்காதீர்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லி வருகிறார். நம் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் இதற்கு நேர் எதிராக நடக்கின்றன. பட்டியல் அச்சிடுவது எளிது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பட்டியல் வேண்டாம் என்றால் என்ன செய்வது? குழப்பம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாக் குழப்பமும் ஒரே வயிற்றில் பிறந்ததல்ல.

முதலில் காதுக் குழப்பம். ‘பல்’ என்று சொல்லுங்கள். ‘அம்பு’ என்று சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே பகரம். ஆனால் ஒலி ஒன்றல்ல. ‘கல்’லில் ஒரு ககரம், ‘தங்க’த்தில் வேறொரு ககரம். நாம் இதைக் கவனிப்பதே இல்லை, கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. இடத்தைப் பொறுத்து ஒலி தானே மாறிக்கொள்ளும், பொருள் மாறாது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்தக் குணத்தைத் திராவிட மொழிகளின் முக்கியமான ஒலிவிதிகளில் ஒன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சின்ன மாற்றம் பொருளையே மாற்றிவிடும். தோளில் மாட்டும் பை, முதுகு, சாமானைக் கட்டி வைப்பது, அடுப்பில் கேக் சுடுவது என்று நான்கு வேறு சொற்கள். நான்கையும் தமிழில் ‘பேக்’ என்றுதான் எழுத வேண்டும். இந்த உரையை அச்சுக்கு அனுப்பப் போகிற நண்பர் இந்த இடத்தில் என்னைத் திட்டுவார்.

இதற்கு வழி இருக்கிறது. உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டும் ‘பேக்’கில் கையில் காற்று அடிக்க வேண்டும், முதுகிலும் பையிலும் அடிக்கக் கூடாது. முதுகுக்கும் பைக்கும் வித்தியாசம் கடைசி எழுத்தில் இருக்கிறது என்று புத்தகம் சொல்லும். அதைவிட எளிதாகக் காதில் பிடிபடுவது நடுவில் வரும் உயிர். பையில் அது சற்று நீளும், முதுகில் சட்டென்று முடிந்துவிடும். விலைக்கும் பரிசுக்கும் உள்ள ‘பிரைஸ்’ குழப்பத்துக்கும் இதே மருந்துதான். விலையைச் சட்டென்று முடியுங்கள், பரிசைக் கொஞ்சம் இழுங்கள். காதுக்கும் ஆண்டுக்கும் ‘இயர்’ என்றே சொல்கிறோமே என்று சிலர் கவலைப்படுவார்கள். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும்போது யாரும் காதைத் தடவிப் பார்ப்பதில்லை. அதை விட்டுவிடுங்கள், வேறு வேலை இருக்கிறது.

இந்தக் காதுக் குழப்பத்தில் நம் பகுதிக்கே உரிய ஒன்று உண்டு. அம்பத்தூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ‘எஸ்டேட்’ என்றால் 1960களில் உருவான தொழிற்பேட்டை. அதே ஆள் பாரத ஸ்டேட் வங்கியை ‘இஸ்டேட் பாங்க்’ என்பார், பள்ளியை ‘இஸ்கூல்’ என்பார். படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் நம் நாக்கு முன்னால் ஓர் உயிரைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறது. பழைய பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இதையேதான் செய்தார்கள். இலத்தீனில் ‘ஸ்கோலா’ என்று இருந்த பள்ளி, ஸ்பானிய மொழியில் ‘எஸ்குவேலா’ ஆயிற்று, பிரெஞ்சில் ‘எகோல்’ ஆயிற்று. இலத்தீனின் ‘ஸ்டாடுஸ்’ பழைய பிரெஞ்சில் ‘எஸ்டாட்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ‘எஸ்டேட்’ என்று வந்தது. ‘ஸ்டேட்’டும் அதே இலத்தீன் வேர்தான். நம் பாட்டி ‘இஸ்கூலு’ என்றபோது ஒரு பெரிய ஐரோப்பிய மரபில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் இன்றைய ஆங்கிலத்தில் ஒன்று மாநிலம், மற்றது சொத்து அல்லது பேட்டை. நேர்முகத் தேர்வில் பாட்டியின் மரபு செல்லாது.

இரண்டாவது குழப்பம் காதில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. நாம் ‘பார்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுவதையும் ஓட்டிவிடுகிறோம். டி.வி. பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம். ஆங்கிலம் ‘சீ, லுக், வாட்ச்’ என்று மூன்றைக் காட்டி எதை எங்கே போடுவாய் என்று மிரட்டுகிறது. ‘கேள்’ அதைவிட மோசம். பாட்டுக் கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, கேள்வி கேட்கிறோம், கடன் கேட்கிறோம். எல்லாம் ஒரே கேள்.

இங்கே பலரும் தமிழுக்கு அந்த நுணுக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. ‘நேற்று மார்க்கெட்டில் உங்க தம்பி கண்ணில் பட்டான்’ என்கிறோம். அவனைத் தேடிப் போகவில்லை, அவனே வந்து கண்ணில் விழுந்தான். அதுதான் ‘சீ’. ‘இங்கே பாரு’ என்று பிள்ளையின் முகத்தைத் திருப்புகிறோமே, அது ‘லுக்’. கிரிக்கெட்டை நான்கு மணி நேரம் ‘பார்த்துக்கொண்டே இருக்கிறான்’ என்று அம்மா திட்டுகிறாளே, அது ‘வாட்ச்’. அதேபோல ‘காதில் விழுந்தது’ என்றால் ‘ஹியர்’, ‘காது கொடுத்துக் கேள்’ என்றால் ‘லிசன்’. ‘நான் சொன்னது காதில் விழுந்ததா? விழுந்தது, ஆனால் காது கொடுத்துக் கேட்கவில்லை’ என்று தமிழில் சண்டை போடத் தெரிந்த யாருக்கும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் குழம்ப வேண்டியதில்லை. தியேட்டருக்குப் போய்ப் பார்க்கும் படத்துக்கு மட்டும் ஆங்கிலேயர் பெரும்பாலும் ‘சீ’ போடுவார்கள். அது அவர்கள் வழக்கம், காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

போவதும் வருவதும் இன்னும் சுவாரசியமானவை. ‘கம், கோ, பிரிங், டேக்’ என்ற நான்கையும் விளக்க ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் படம் போட்டு அம்புக்குறி இட்டுப் பாடுபடுகின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் இதைச் சில வரிகளில் முடித்துவிட்டார். வருதல், தருதல் என்ற இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதல், கொடுத்தல் என்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்பது அவர் விதி. என்னிடத்துக்கோ உன்னிடத்துக்கோ நகர்ந்தால் வருகை, மூன்றாவது ஆளின் இடத்துக்கு நகர்ந்தால் செலவு. ‘நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்று நாம் சொல்வது இந்த விதிப்படிதான். ஆங்கிலமும் இங்கே ‘கம்’ என்றே சொல்லும். உங்களிடம் கொண்டுவருவது ‘பிரிங்’, அவரிடம் கொண்டுபோவது ‘டேக்’. இந்திக்காரர்களோ பிரெஞ்சுக்காரர்களோ இந்த இடத்தில் எப்படித் தடுமாறினாலும் சரி, நாம் தடுமாறத் தேவையில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதை அமங்கலமாக நினைத்து ‘வரட்டுமா?’ என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ‘ஷல் ஐ கம்?’ என்றால், அவர் உங்களை வீட்டுக்கு அழைத்துச் செல்லக் காரின் கதவைத் திறப்பார்.

மூன்றாவது குழப்பத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புத்தகங்கள் இதைத் தொடுவதே இல்லை. ஆங்கிலச் சொல் தமிழுக்குள் குடிவந்து, இங்கேயே ரேஷன் கார்டு வாங்கி, பொருளை மாற்றிக்கொண்டு விடுகிறது. நமக்கு அது தெரிந்த சொல். தெரிந்த சொல் என்பதால் அகராதியைத் திறக்க மாட்டோம். சாப்பாட்டுக் கடை நமக்கு ‘ஹோட்டல்’. ஆங்கிலத்தில் ‘ஹோட்டல்’ என்றால் தங்கும் இடம். மளிகைக் கடையில் ‘ஒரு கவர் குடுங்க’ என்றால் பிளாஸ்டிக் பை. லண்டனில் கேட்டால் எதை மூட என்று கேட்பார்கள்.

இந்தப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு நான் சொல்லப் போவது உடனே புரியும். கேட்டில் ‘டு லெட்’ பலகை தொங்குகிறது. செழியன் இதே பெயரில் எடுத்த படத்துக்குத் தமிழில் சிறந்த படம் என்ற தேசிய விருது கிடைத்தது. ஐ.டி. வந்த பிறகு சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் குடும்பத்தின் கதை அது. ‘லெட்’ என்பது வீட்டுக்காரர் செய்யும் வேலை மட்டும், வாடகைக்கு விடுவது. ‘ரென்ட்’ இரண்டு பக்கமும் போகும். விடுவதும் ரென்ட், எடுப்பதும் ரென்ட். தமிழ் இங்கே தெளிவாக இருக்கிறது. விடு, எடு என்று ஓர் எழுத்தில் யார் பக்கம் என்று சொல்லிவிடும். கடனிலும் அப்படித்தான். கொடுப்பது ‘லெண்ட்’, வாங்குவது ‘பாரோ’. ‘பாரோ மீ யுவர் பென்’ என்று கேட்கும் மாணவன் வாங்குகிற சொல்லைக் கொடுக்கிறவர் தலையில் கட்டுகிறான்.

அடுத்து ‘லீஸ்’. சென்னையில் ‘வாடகையா, லீஸா?’ என்று தரகர் கேட்டால் அவை இரண்டும் வேறு வேறு. லீஸ் என்றால் மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மற்ற மாவட்டங்களில் ஒத்தி, போக்கியம் என்பார்கள். ஆங்கிலத்தில் ‘லீஸ்’ என்பது குத்தகை அல்லது வாடகை ஒப்பந்தம், அவ்வளவுதான். மாதாமாதம் வாடகை கொடுக்கிறவரும் லீஸில்தான் இருக்கிறார். நம் ஊர்ப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தைப் படித்தால், கொடுத்த பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்றே தெரியாது.

‘அட்வான்ஸ்’ அதைவிடச் சிக்கல். பத்து மாத அட்வான்ஸ் என்று சென்னையில் காலகாலமாகக் கேட்கிறோமே, அது திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்கும் பிணைத்தொகை. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘டெபாசிட்’. ‘அட்வான்ஸ்’ என்றால் பின்னால் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவது, அது கழிந்துபோகும். கழிகிற பணமும் திரும்புகிற பணமும் ஒரே பெயரில் உலவினால் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில், பிணைத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் இந்தத் தொகைக்குப் பெயர் ‘செக்யூரிட்டி டெபாசிட்’. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று இன்று இரவு வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

நான்காவதாக, ஆங்கிலேயர்களே குழம்பும் சொற்கள். 1775இல் ஷெரிடன் எழுதிய நாடகம் ஒன்றில் மாலப்ராப் என்றொரு அம்மாள் வருவாள். பெரிய சொற்களாகப் பார்த்துத் தப்புத் தப்பாகப் போடுவாள். அந்தத் தவறுக்கே அவள் பெயரை வைத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளேயே இந்த நிலை என்பதால், இங்கே வெட்கப்பட ஒன்றும் இல்லை.

‘பிரின்சிபல்’ என்று உச்சரிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று கொள்கை. இன்னொன்றுக்குக் கல்லூரி முதல்வர், கடனின் அசல், முக்கியமானது என்று மூன்று பொருள். இந்த மூன்றும் ஏன் ஒரே சொல்லில் என்று ஆங்கிலம் படிக்கும் பல நாட்டவர் விழிக்கிறார்கள். நமக்கு விழிக்க என்ன இருக்கிறது? அசலை ‘முதல்’ என்கிறோம், கல்லூரித் தலைவரை ‘முதல்வர்’ என்கிறோம், முக்கியமானதை ‘முதன்மை’ என்கிறோம். ‘முதல்’ என்று வந்தால் அது ‘ஏ எல்’ என்று முடிகிற எழுத்துக்கூட்டு. கொள்கை மட்டும் மற்றது. தமிழ் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகையை எந்தக் கைடு புத்தகமும் சொல்லிக் கேட்டதில்லை.

எழுதுபொருள் கடையின் ‘ஸ்டேஷனரி’யும் நகராமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’யும் ஓர் எழுத்தில்தான் வேறுபடும். தெருத்தெருவாகச் சுமந்து விற்றவர்கள் நடுவில், இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் அருகில் ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்த புத்தக வியாபாரிக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். நகராதவன் என்று அர்த்தம். அவன் விற்ற பொருள் ஸ்டேஷனரி. அப்படிப்பட்டவர்களின் லண்டன் சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. ஆக இரண்டும் ஒரு தாய் மக்கள். வியாபாரியின் பெயர் ‘இ ஆர்’ என்று முடிவதால் அவன் பொருளுக்கும் அந்த ‘இ’ ஒட்டிக்கொண்டது.

சொல்லின் வால் மாறினால் நாட்டின் போக்கே மாறும் என்பதற்கு நமக்குப் பக்கத்து ஊரிலேயே சான்று இருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைவர் யு.என். தேபர். அப்போது காமராஜர் நம் முதலமைச்சர், நேரு பிரதமர். அங்கே நிறைவேறிய தீர்மானம் ‘சோஷலிஸ்டிக்’ மாதிரிச் சமுதாயத்தை அமைப்பதே திட்டமிடுதலின் நோக்கம் என்றது. கவனியுங்கள், ‘சோஷலிஸ்ட்’ இல்லை, ‘சோஷலிஸ்டிக்’. அந்த ‘இக்’ வால், ‘அதைப் போன்ற, அதன் சாயல் உள்ள’ என்ற தளர்வைக் கொடுக்கிறது. முதலாளிகள் பயப்படாமல் இருக்கவும், இடதுசாரிகள் ஏமாறாமல் இருக்கவும் ஒரே சொல்லில் இடம் விட்டார்கள் என்பது என் வாசிப்பு. 1964 புவனேசுவரம் மாநாட்டில் காமராஜர் தலைமையில் அது ‘ஜனநாயக சோஷலிசம்’ ஆயிற்று. 1976இல் 42ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தின் முகப்புரையில் போட்டது வால் இல்லாத ‘சோஷலிஸ்ட்’. ‘எகனாமிக்’, ‘எகனாமிகல்’ என்பவற்றிலும் இப்படி ஒரு வால்தான் வித்தியாசம். முதலாவது பொருளாதாரம் சார்ந்தது, இரண்டாவது சிக்கனமானது. அரசின் பொருளாதாரக் கொள்கை எப்போதும் எகனாமிக், எகனாமிகலாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் தப்பினால் மதிப்பெண் போகும், கொஞ்சம் பணம் போகும். உயிர் போகும் சொற்களும் இருக்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் முதுகில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்று ஆரம்பித்தால் எதிர்மறை என்று பள்ளியில் படித்தவன் என்ன நினைப்பான்? எரியாது என்று நினைப்பான். உண்மையில் அந்த ‘இன்’ இல்லை என்னும் ‘இன்’ அல்ல. தீ மூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் முன்னொட்டு அது, ‘உள்ளே’ என்ற பொருளில் வருவது. ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றாலும் எரியும் என்றே பொருள். இந்தக் குழப்பத்தால் ஆபத்து வரும் என்று அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ‘இன்’ இல்லாத சொல்லை எழுதச் சொல்லி வலியுறுத்தியது. நம் லாரிகளில் பழைய சொல் இன்னும் ஓடுகிறது. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற மொழியியலாளர் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களுக்குப் பக்கத்தில் எச்சரிக்கையாக இருக்கும் ஆட்கள், ‘காலி’ பீப்பாய்களுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிப்பதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். காலிப் பீப்பாயில் ஆவி நிறைந்திருக்கும், அதுதான் அதிகம் வெடிக்கும். பெட்ரோல் இல்லை என்ற பொருளில் சொன்ன ‘காலி’யை, ஆபத்து இல்லை என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். இங்கே வேலப்பன்சாவடியில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன, நம்மில் பலர் ஓ.பி. வரிசையில் நின்றவர்கள். ‘ஹைபர்’ என்றால் மேலே, ‘ஹைபோ’ என்றால் கீழே. இரண்டும் கிரேக்கம், இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும், வைத்தியம் நேர் எதிர். இதோடு நம் தமிழ் ‘டென்ஷன்’ வேறு சேர்ந்துகொள்கிறது. ‘டென்ஷன் ஆகாதே’ என்று நாம் சொல்வது மனப் பதற்றத்தை. அதனால் ‘உங்களுக்கு ஹைபர்டென்ஷன்’ என்று டாக்டர் சொன்னால், ‘நான் எதுக்கும் கவலையே படறதில்லையே’ என்று பதில் சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயர் ரத்த அழுத்தம். கவலையே படாதவருக்கும் வரும். அதேபோல ‘பாசிட்டிவ்’. பாசிட்டிவாக யோசி என்று கேட்டுக் கேட்டு, பரிசோதனைச் சீட்டில் பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. கொரோனா வந்துதான் அந்தச் சொல்லின் ஆய்வுக்கூடப் பொருளை ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கட்சிக்கு வருகிறேன். வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். பக்கத்துக்கு ஒரே சொல். எதிர்ப் பக்கத்தில் அதன் ஜோடியை எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று எழுதுங்கள். இந்த வாரம் ‘எஃபெக்ட்’ என்றால், ‘சைடு எஃபெக்ட்’, ‘சவுண்ட் எஃபெக்ட்’, அரசாணையில் வரும் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’. எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கூட்டாளிகள், எல்லாவற்றிலும் அது பெயர்ச்சொல். இரண்டு, மூன்று வாரம் அதை மட்டும் பேசுங்கள், எழுதுங்கள். மற்றச் சொல்லான ‘அஃபெக்ட்’ எங்காவது செய்தித்தாளில் எதிர்ப்படும், மழையால் பாதிக்கப்பட்ட பகுதிகள் என்ற செய்தியிலாவது வந்தே தீரும், அப்போது அதற்கு ஒரு புதுப் பக்கம் போடுங்கள். அம்பத்தூரில் ஆவின் நடத்தும் பால் பண்ணையை ‘டெய்ரி’ என்றும், கையில் வைத்து எழுதுவதை ‘டைரி’ என்றும் தனித்தனியாகப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மாவு பிசையும் பணிப்பெண்ணைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, மற்றது நாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உறவே இல்லாத இரண்டு பேரைப் பட்டியல்தான் அண்ணன் தம்பி ஆக்கிவைத்திருக்கிறது.

உங்கள் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒன்று மட்டும். வகுப்பில் நாம் எல்லோரும் ‘சார், ஒரு டௌட்’ என்று எழுந்தவர்கள். இந்தியா முழுவதும் இது செல்லும், இங்கேயும் தாராளமாகச் சொல்லுங்கள், எனக்குப் புரியும். ஆனால் வெளிநாட்டு மேலாளரோடு வீடியோ கூட்டத்தில் ‘ஐ ஹாவ் எ டௌட்’ என்று தொடங்கினால், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்றுதான் அவர் காதில் விழும். அங்கே ‘க்வெஸ்சன்’ என்று சொல்லுங்கள். பின்வரிசையில் பச்சைச் சட்டைத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.